டர்போ ஆறும் நேரம்

"டர்போ ஆற எவ்வளவு நேரம் ஆகும் பெரூஸ்?" என்று கேட்டேன். காரேஜில் என் சின்னக் காரின் அடியில் அவர் படுத்திருந்தார். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"எது, ரெஜிஸோட நெவாடா வண்டியா?"

"ஆமா."

"ஏத்தம் ஏறி வந்த சூடுன்னா ஒரு நிமிஷம். மிஞ்சிப்போனா ரெண்டு. ஊருக்குள்ள நுழைஞ்சு மாதா கோயிலச் சுத்தி மெதுவா வர்றதுக்குள்ளயே பாதி ஆறிடும்."

"இருபது நிமிஷம் ஆகாதா?"

"இருபது நிமிஷத்துல சூப்பே ஆறிடும் மதாம்!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. எதற்காகக் கேட்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல், அடியிலேயே கிடந்து ஒரே திருகாணியை வெகுநேரம் முறுக்கிக்கொண்டிருந்தார். பெரூஸுக்குத் தெரிந்திருக்கிறது என்றால் ஊரில் கடைசி ஆளுக்கும் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். எப்போதும் கடைசியில் தெரிவது பெண்டாட்டிக்குத்தான்.

என் கணவன் ரெஜிஸ் டாக்சி ஓட்டுகிறான். இந்த மலைமேட்டு ஊரில் டாக்சி என்றால் கல்யாணத்துக்கும் ரயிலுக்கும் போகிற வண்டி அல்ல. முக்கால்வாசி சவாரி ஆஸ்பத்திரிக்குத்தான். சிறுநீரகம் கெட்டவர்கள், இடுப்பு உடைந்தவர்கள், கண் மறைத்தவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சேன்-எத்தியேன் நகரத்துக்கு ஒரு மணி நேரம் இறங்குவான், ஒன்றேகால் மணி நேரம் ஏறுவான். அதற்காகத்தான் ஐந்து வருஷத்துக்கு முன் அந்த நெவாடாவை வாங்கினான். நீளமான பின்பக்கம், ஏழு பேர் உட்காரலாம், டர்போ வைத்த டீசல் இன்ஜின். பனிக்காலத்து ஏற்றத்தில் மற்ற வண்டிகள் மூச்சு வாங்கும்போது இது மட்டும் பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல ஏறும். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. என்னைக்கூட ஒருநாளும் ஓட்டவிட்டதில்லை.

வண்டி நின்றதும் இன்ஜினை அணைக்கமாட்டான். டர்போவின் சக்கரம் சூட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும்போது அணைத்தால் எண்ணெய் வராமல் உள்ளேயே கருகிப்போகுமாம். என் தங்கையின் கல்யாணத்தன்று மணி அடித்து ஓய்ந்த பிறகும் கோயில் வாசலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் குதிகால் செருப்போடு பக்கத்தில் நின்று காத்திருந்தேன். அந்த ஒரு நிமிஷம் எங்கள் வீட்டில் பழைய கேலி. அதன்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை.

வசந்தத்தில்தான் அது மாறியது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பொட்டலம் கட்டிக்கொண்டே கடைக்காரி ரெமோந் கேட்டாள்.

"ஜோயெல், உன் வீட்டுக்காரன் வண்டிக்கு உடம்பு சரியில்லையா? தினமும் மரீஸ் வீட்டு வாசல்ல அரை மணி நேரம் இரைஞ்சுக்கிட்டே நிக்குதே."

"டர்போ. ஆறணும்," என்றேன்.

"ஆறட்டும், ஆறட்டும். நல்லா ஆறட்டும். விளக்குக்குத் தொப்பியும் போட்டுத்தானே நிக்குது."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. டாக்சி வேலையில் இல்லாதபோது கூரை விளக்கைக் கறுப்பு உறையால் மூடவேண்டும் என்பது சட்டம். தொப்பி போட்ட டாக்சி என்றால் சொந்த வேலையாகப் போகிற டாக்சி. மரீஸ் தனியாக இருப்பவள். நாற்பத்தொரு வயது. புருஷன் எப்போதோ போய்விட்டான். மகள் லுதிவின் ஜூனில் பக்கலோரியா என்கிற பள்ளியிறுதிப் பரீட்சை எழுதப்போகிறாள். மரீஸ் வேலை பார்த்த திரைச்சீலைத் தையலகம் மார்கழிக் குளிரோடு மூடிக்கொண்டது. இப்போது நகரத்தில் அட்டைப்பெட்டி கட்டும் வேலை கிடைத்திருக்கிறது, மதியம் ரெஜிஸ் போகிற வழியில் ஏற்றிக்கொள்கிறான் என்று பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பெரூஸிடம் கேட்ட மறுநாள் மாலை ஐந்தரைக்கு நானே போனேன். நெவாடா மரீஸ் வீட்டு வாசலில் நின்றது. உறை போட்ட விளக்கு, இரையும் இன்ஜின், ஏற்றிவிட்ட ஜன்னல்கள். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இருபத்திரண்டு வருஷத்தில் சேர்ந்ததெல்லாம் அதில் இருந்தது. பின்கதவை வெடுக்கென்று திறந்து உள்ளே ஏறினேன்.

ரெஜிஸ் உதட்டில் விரலை வைத்தான்.

முன் இருக்கையில் மரீஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முகம் சாம்பல் நிறம். ரெஜிஸின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்மேல் அசையாமல் இருந்தன. அவன் ரேடியோகூடப் போட்டிருக்கவில்லை. வண்டி மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தோடு அவள் தலையும் ஆடிக்கொண்டிருந்தது.

"அணைச்சா முழிச்சுக்குவா," என்று கிசுகிசுத்தான். "ராத்திரியெல்லாம் தூக்கம் கிடையாதாம். இதுல மட்டும்தான் தூங்குறா."

 கதவை மூடினால் சத்தம் வரும் என்பதால் அதைக் கையால் பிடித்துக்கொண்டே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில்தான் சொன்னான். மார்பில் கட்டி. பிப்ரவரியில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று போய் லியோனில் அறுவை செய்துகொண்டு வந்திருக்கிறாள். இப்போது ஆஸ்பத்திரியில் வாரம் ஐந்து நாள் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். பரீட்சை முடியும்வரை மகளுக்குத் தெரியக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். விளக்கை மூடாமல் போனால் ஆஸ்பத்திரி சவாரி என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் தொப்பி.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னேன். நீயும் யாரோதான், அந்தக் கணக்குல."

"ஊர் என்ன பேசுதுன்னு தெரியுமா?"

"தெரியும்." பயறுத் தட்டை ரொட்டியால் வழித்துக்கொண்டே சொன்னான். "நீ நம்பமாட்டேன்னு நெனச்சேன்."

அவன் சொன்ன விதத்தில் தப்பில்லை. ஆனால் நான் நம்பியிருந்தேன். அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அவன் அவளோடு படுத்திருந்தால் நான் கத்தியிருப்பேன், தட்டை உடைத்திருப்பேன், பெட்டியைக் கட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்ய? ஒரு பெண் தூங்கவேண்டும் என்பதற்காக ஒருவன் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. பொறாமைப்படாமலும் இருக்க முடியவில்லை. எனக்குப் போன குளிர்காலம் முழுக்க முதுகுவலி. "மாத்திரை போட்டுக்கோ," என்றுதான் சொன்னான்.

அதற்குப் பிறகு ரொட்டிக்கடைதான் பெரிய கஷ்டமாகிவிட்டது. ரெமோந் இப்போது கேலி பேசவில்லை, பரிதாபப்பட்டாள். "உனக்குன்னு எடுத்து வச்சேன்," என்று நன்றாக வெந்த ரொட்டியைத் தனியாக எடுத்துக் கொடுத்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மொத்த வரிசையும் தலை குனியும். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரைக்கும் வந்து நிற்கும். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வருவேன். ஏமாந்த பெண்டாட்டியாக நடிப்பது இவ்வளவு அசதியான வேலை என்று எனக்குத் தெரியாது.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கையில் லுதிவின் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவைப் போலவே ஒல்லி. வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"மதாம், ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுக்காரரும் எங்கம்மாவும்... எல்லாரும் சொல்றாங்களே, அது நிஜமா?"

அவள் கை கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது. நகங்களைச் சதைவரை கடித்துத் துப்பியிருந்தாள். நிஜத்தைச் சொன்னால் அவள் பரீட்சை போயிற்று, ரெஜிஸின் சத்தியமும் போயிற்று. சொல்லாமல் விட்டால் இந்தப் பெண் தன் அம்மாவை வேறு மாதிரி பார்த்துக்கொண்டேதான் பரீட்சைக்குப் போவாள். அதைவிட நோய் மேல்.

"ரெஜிஸா?" என்று சிரித்தேன். சிரிப்பு நன்றாகவே வந்தது. "அந்த ஆளு வீட்டுல குறட்டை விடறத ஒரு ராத்திரி வந்து கேட்டுட்டுப் போ. உங்கம்மாவுக்கு அவ்வளவு மோசமான ரசனையா? எல்லாம் நான் சொல்லித்தான் ஏத்திக்கிட்டுப் போறான். நாளையிலேர்ந்து அதுவும் இல்ல. அவனுக்கு வேற சவாரி இருக்கு, நான்தான் ஓட்டப்போறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"அப்போ ஏன் வீட்டுக்கு வந்ததும் படுத்துடறாங்க?"

"நின்னுக்கிட்டே செய்யற வேலைம்மா. நீயும் நின்னு பாரு, தெரியும்."

பாதி நம்பியதுபோலப் போனாள். அன்றிரவு ரெஜிஸிடம் சாவியைக் கேட்டேன்.  டாக்சி உரிமம் இல்லாத என் வண்டியை வைத்து அவன் மற்ற சவாரிகளைப் பார்த்துக்கொள்ள முடியாது, அந்த மதியங்களை விட்டுவிடவேண்டியிருக்கும். இருந்தும் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "கிளட்ச் கொஞ்சம் மேலதான் பிடிக்கும். மூணாவது வளைவுல பிரேக் போடாத, கியரக் குறை," என்றான். பிறகு, "அவ வலப்பக்கம் சாய்ஞ்சுதான் தூங்குவா. சீட் பெல்ட் கழுத்துல உரசாம பாத்துக்கோ," என்றான். நான் பாத்திரம் கழுவுவதற்குத் திரும்பிக்கொண்டேன்.

ஆறு நாள் நான் ஓட்டினேன். முதல்நாள் மரீஸ் என்னோடு பேசுவதற்குப் படாத பாடுபட்டாள். மன்னிப்புக் கேட்டாள். நான் வானிலையைப் பற்றிப் பேசினேன். இரண்டாம் நாள் திரும்பும் வழியில், ஏற்றம் தொடங்கி டர்போ விசில் எழும்பியதும், பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனாள். வீட்டு வாசலில் நிறுத்தியபோது கை சாவிமேல் இருந்தது. திருப்ப முடியவில்லை. எதிரே ரொட்டிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ரெமோந் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை, ரெஜிஸின் இடத்தில். ஊருக்கு அந்த வாரம் முழுக்கக் குழப்பம். எனக்கு என் கணவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேதான் தீர்ந்தது. மீதி இன்னும் இருக்கிறது.

பரீட்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நல்ல வெயில். மரீஸ் எப்போதும் கழுத்தில் சுற்றியிருக்கும் துணி தூக்கத்தில் நழுவி, சட்டையின் மேல் பொத்தானும் கழன்றிருந்தது. காரை எலும்பின் கீழே கத்தரிப்பூ நிற மையில் ஒரு கோடும், அதன்மேல் ஒரு சிலுவைக் குறியும். கதிரை எங்கே காட்டவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தோல்மேல் வரைகிற கோடு. அழியக்கூடாது என்பதால் அங்கே சோப்புக்கூடப் போடக்கூடாது. துணியைச் சரிசெய்யக் கையை நீட்டும்போது மரீஸ் பக்கத்து ஜன்னலில் நிழல் விழுந்தது.

லுதிவின். கையில் தத்துவப் பாடக் குறிப்பேடு. அம்மாவைப் பார்த்தாள். அந்தக் கோட்டைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. நான் எதையாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கு அழுகைதான் வந்தது.

அவள் பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே வந்தாள். பின்னாலிருந்து குனிந்து, இரண்டு விரலால் துணியை இழுத்துக் கோட்டை மூடினாள். மரீஸ் அசையவில்லை. பிறகு என் காதருகே வந்தாள். மூச்சு சுடச்சுட இருந்தது.

"பரீட்சை முடியற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது மதாம். அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. அவங்களால தாங்க முடியாது."

நான் தலையசைத்தேன். அவள் சாய்ந்து உட்கார்ந்து குறிப்பேட்டை மடியில் திறந்து வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தேன். பக்கம் புரளவில்லை.

கால் மணி நேரம் கழித்து மரீஸ் தானாகவே விழித்தாள். முதலில் கை கழுத்துத் துணிக்குத்தான் போனது. அது இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகுதான் பின்னால் மகளைப் பார்த்தாள்.

"நீ எப்ப வந்த?"

"இப்பதாம்மா. வேலை எப்படி இருந்துச்சு?"

"பரவால்ல. இன்னிக்குப் பெட்டி கொஞ்சம் அதிகம்."

"எத்தனை?"

"நூத்தி இருபது இருக்கும்."

"அவ்வளவா?" என்றாள் லுதிவின். இறங்கி வந்து அம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இருவரும் வாசல் படியேறிப் போனார்கள். மரீஸ் அட்டைப்பெட்டிகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். மகள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே, அம்மாவின் உடம்பில் எங்கே தொட்டால் வலிக்காது என்று தெரியாமல், கையை அவள் முதுகுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றிலேயே வைத்துக்கொண்டு போனாள்.