வாளிகளைப் பிரித்துப் பார்த்த ஞாயிறு

எங்கள் கட்டடத்து உரக்குழியில் யாரோ சமைத்த சாப்பாட்டைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சைத் தோலும் காம்பும் தவிர வேறு எதையும் போடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். எழுதி ஒட்டியும் இருக்கிறேன். எண்ணெயும் உப்பும் விழுந்தால் குழி நாறும். நாறியது. வாசம் பிடித்துக்கொண்டு பெருச்சாளி வந்தது. வந்தது சும்மா போகுமா? காய்க்கிற நேரத்தில் மூன்று தக்காளிச் செடிகளை வேரோடு பறித்துப் போட்டுவிட்டுப் போனது.

எனக்கு வயிறு எரிந்தது. கட்டடத்தின் பின்பக்கம் கல்லும் கண்ணாடித் துண்டுமாகக் கிடந்த இடம் அது. இரண்டு வருஷம் பொறுக்கிப் பொறுக்கித் தோட்டமாக்கினேன். துணிக்கடைக்கு பில் போடப் போவதற்கு முன் தினமும் அரைமணி நேரம் அங்கேதான் நிற்பேன். கோபக்காரி என்று பேரெடுத்தவள் நான். அந்த அரைமணி நேரம் மட்டும் யாரையும் திட்டுவதில்லை. தக்காளி இலையைத் தொட்ட கையை, கடைக்குப் போகிற பஸ்ஸிலும் முகர்ந்துகொண்டே போவேன். பறித்ததை எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பேன். சனிக்கிழமை சமைத்தும் கொடுப்பேன்.

எங்கள் கட்டடத்தில் எங்களைத் தவிர மூன்று வீடு. கீழே டிரைவர் வீட்டு அக்கா, "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டி" என்பார். எதிர்வீட்டில் இருக்கிற பேங்க்காரப் பெண், "அக்கா, ஓட்டலெல்லாம் தோத்தது போங்க" என்பாள். மேல்மாடியில் தனியாக இருக்கிற நர்ஸம்மா மட்டும் பாத்திரத்தைத் திருப்பித் தரும்போதே ஆரம்பித்துவிடுவார். "உப்பு கரிக்குது." அடுத்த வாரம், "பீன்ஸ் வேகவே இல்ல." அதற்கடுத்த வாரம், "அடிப்பிடிச்சதைக் கிளறிவிட்டியா?" அந்தம்மா நாக்கில் தேனைத் தடவினாலும் கசக்கிறது என்றுதான் சொல்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சின்னக் கிண்ணத்தை வாங்கி வருவேன்.

மற்ற இரண்டு பேரின் பாராட்டை நம்பித்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற அச்சகத்தில் இருபது பேருக்கு மதியச் சாப்பாடு கொடுக்க ஒப்புக்கொண்டேன். ஒன்றாம் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். பதினோரு வருஷம் பார்த்த வேலையை விடுகிறேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். என் நாற்காலிக்கு வேறு பெண் வந்து பழகவும் ஆரம்பித்துவிட்டாள். இனி அந்தப் பக்கம் திரும்ப முடியாது.

முதலில் குழியில் கொட்டுகிற ஆளைப் பிடிக்க வேண்டும். என் மனசுக்குள் அது நர்ஸம்மாதான் என்று தீர்ப்பே எழுதியாகிவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வேலை செய்தேன். வீட்டுக்கு ஒரு மூடி போட்ட வாளி வாங்கிக் கொடுத்து, "நீங்க யாரும் இறங்கி வர வேணாம், ஞாயித்துக்கிழமை நானே வந்து எடுத்துக்கறேன்" என்றேன். எல்லாருக்கும் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று வாளிகளையும் குழிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். ஆசையோடு நர்ஸம்மாவின் வாளியைத்தான் முதலில் கவிழ்த்தேன். வெங்காயச் சருகு, வாழைப்பழத் தோல், கீரைக் காம்பு. அவ்வளவுதான். குச்சியால் கிளறிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

டிரைவர் வீட்டு வாளியில் மேலே தோலாகத்தான் தெரிந்தது. வாளியைக் கவிழ்த்தால் அடியில் இருப்பதுதான் மேலே வரும், அது அவர்களுக்குத் தோன்றவில்லை. குவியலின் உச்சியில் வந்து உட்கார்ந்தது கத்தரிக்காயும் பீன்ஸும் போட்ட கறி. நான் சனிக்கிழமை கொடுத்தது. கிண்ணத்தில் எப்படி வைத்தேனோ அப்படியே, ஒரு வாய்கூடக் குறையாமல். பேங்க்காரப் பெண் நாசூக்கானவள். அதே கறியைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி அடியில் வைத்திருந்தாள்.

அப்படியானால் இத்தனை வாரமும் என் குழியை நாறடித்தது என் சமையல்தான். பெருச்சாளிக்கு விருந்து வைத்ததும் நான்தான்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு நேராக டிரைவர் வீட்டுக்குப் போனேன். "ஏன்க்கா? பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அக்காவின் முகம் செத்துப்போனது. "மூஞ்சிக்கு நேரா எப்படிடி சொல்றது? அதோட…" என்று இழுத்தார். "நீ கோவிச்சுக்கிட்டு தக்காளி குடுக்கறத நிறுத்திட்டா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்தேன். "உண்மையைச் சொல்லுங்க. என் சமையல் எப்படி?"

மனுஷன் பேப்பரை இறக்கவே இல்லை. "எனக்கென்ன? பதினாலு வருஷமா சாப்பிடறேன். பழகிப்போச்சு."

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பேப்பரைக் கிழித்துப் போடாமல் விட்டது அவர் செய்த புண்ணியம். ஒன்றாம் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அச்சகத்து ஆட்கள் யாருக்கும் என் தக்காளி மேல் ஆசை கிடையாது. முதல் நாளே தட்டைத் தள்ளிவிடுவார்கள்.

காயை ஒரு கூடையில் போட்டுக்கொண்டு மேல்மாடி ஏறினேன். கதவைத் திறந்த நர்ஸம்மாவிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எங்கே தப்பு பண்றேன்? இப்பவே சொல்லுங்க" என்றேன். சண்டைக்கு வந்தவள் மாதிரிதான் கேட்டிருப்பேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய் அடுப்பைக் காட்டினார். "நான் சொல்ல மாட்டேன். நீ செய், நான் பாக்கறேன்."

எண்ணெய் காய்ந்ததும் தக்காளியை அள்ளினேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அதை வை. புளிப்பு பட்டா பீன்ஸ் விறைச்சுக்கும், வேகாது. வேகலையேன்னு நீ தண்ணி ஊத்துவ. தண்ணியாப் போச்சேன்னு உப்பு போடுவ. அப்புறம் தீயைக் கூட்டி அடிபிடிக்க வைப்ப. தப்பு ஒண்ணே ஒண்ணுதான். உனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. வாரா வாரம் வாசலில் நின்று சொல்லிக்கொண்டுதானே இருந்தார்? நான்தான் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டு இறங்கினேன்.

பீன்ஸ் வேகும்வரை என்னைக் கரண்டியைத் தொடவே விடவில்லை. இரண்டு முறை மூடியைத் திறக்கப் போய் இரண்டு முறையும் கையில் அடி வாங்கினேன். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். பீன்ஸை நசுக்கிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் தக்காளி போட்டேன். கடைசியில் உப்பு.

ஒரு கரண்டி எடுத்து ஊதி ஊதிச் சாப்பிட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை. இத்தனை நாளாக வாங்கின பாராட்டில் எதுவுமே உண்மையில்லை என்று தெரிந்த அன்றைக்கு, அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டேன். "அவ்வளவு மோசமா இருந்துச்சே நர்ஸம்மா, மத்தவங்க மாதிரி நீங்களும் கொட்டியிருக்கலாமே? எதுக்குச் சாப்பிட்டீங்க?"

"பின்னே? எனக்கு வேற யாரு சமைச்சுக் குடுக்கறா?" என்று தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டே, ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நீ இத்தனை கேட்டியே, நான் ஒண்ணு கேக்கட்டுமா? கீழே அவளுக்கெல்லாம் பெரிய கிண்ணத்துல குடுக்கற. எனக்கு மட்டும் எப்பவும் ஏன் அந்தச் சின்னக் கிண்ணம்?"