குகையிலிருந்து பாண் வாங்க வந்தவர்

கற்பிட்டிக் கரையிலுள்ள அந்தச் சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் திருவிழா நாடகம் தொடங்கும் நேரம். முக்கிய நடிகன் பஸ்தியான் இன்னும் கடலில் இருந்தான். காற்று எழும்பியதால் அவனுடைய படகு பக்கத்துத் தீவில் ஒதுங்கியிருப்பதாகத் தகவல் வந்திருந்தது.

நாடகத்தை எழுதிய மறைக்கல்வி ஆசிரியை அஜித்தா திரைக்குப் பின்னால் தவித்துக்கொண்டிருந்தாள். எபேசு நகரத்து ஏழு புனிதர்களின் கதை அது. அவர்களைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். பெயர்கள்கூட நாட்டுக்கு நாடு மாறும். கிறிஸ்துவை மறுக்கச் சொன்ன உரோமப் பேரரசனுக்குப் பணியாமல் ஏழு இளைஞர்கள் குகைக்குள் ஒளிந்தார்கள். தூங்கிப்போனவர்கள் பல தலைமுறை கழித்து விழித்தார்கள். ஓரிரவுதான் போனதென்று நினைத்து, ஒருவன் பாண் ரொட்டி வாங்க நகருக்குப் போனான். அவன் வேடம்தான் பஸ்தியானுக்கு.

மேடைக்கான பாணைக் கொண்டுவந்த பேக்கரிக்கார ஸாஜித், சாக்கில் கட்டிய குகைக்குள் எட்டிப் பார்த்தார். ஆறு பேர் படுத்திருந்தார்கள்.

"டீச்சர், இது எங்கட குகைவாசிகள்ட கதைதானே! குர்ஆன்ல இரிக்கி, வெள்ளிக்கிழமையில ஓதுறது. நாய் எங்க?"

"என்ன நாய்?"

"வாசல்ல காவல் கிடந்த நாய்!"

அஜித்தா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குக் கதை முழுக்கத் தெரியுமா, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"சின்னதில இருந்தே தெரியும்."

"அப்ப பாண் வாங்கப் போறது நீங்கதான். ஏறுங்க!"

"நான் ஏறுறதா? கோயில் மேடையிலயா?"

"உங்கட கதையும்தானே!"

ஸாஜித் சிரித்துவிட்டார். "சரி. நாயையும் போடுங்க."

யாரோ ஒரு கருவாட்டுத் துண்டைக் காட்டிக் கரையில் திரிந்த நாயொன்றைக் கூட்டிவந்து குகை வாசலில் படுக்கவைத்தார்கள். திரை விலகியது.

கடைக்காரனாக நடித்தவன், ஸாஜித் நீட்டிய காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எந்த ராசாட காலத்துக் காசு? நீ ஆரு?"

எழுதிய வசனம் ஸாஜித்துக்குத் தெரியாது. எட்டு வயதில், தொண்ணூறாம் ஆண்டு போர்க்காலத்தில், மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரோடும் விரட்டப்பட்டுப் படகேறி வந்தவர் அவர். பல வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது வீடிருந்த இடத்தில் காடு நின்றது.

"நான் இந்த ஊர்தான்," என்றார். "இதில எங்கட கிணறு இருந்திச்சி. அங்கால வாப்பாட கடை. நேத்துத்தான் போன மாதிரி இரிக்கி. என்னை ஒருத்தருக்கும் தெரியலயா?"

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "எங்களுக்குத் தெரியும், ஸாஜித் நானா!"

கைதட்டல் வெடித்தது. ஸாஜித் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் அஜித்தா அழுதுகொண்டே தட்டினாள்.

அதே நேரம் கரைப்பக்கம் ஒரே ஆரவாரம்; காற்றுத் தணிந்து படகு வந்துவிட்டது. இடுப்பில் நனைந்த சாரத்தோடு ஓடிவந்த பஸ்தியான் ஒரே பாய்ச்சலில் மேடையேறி, "நானும் எழும்பிட்டன்!" என்று கத்தினான். குகைக்குள் கிடந்தவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நேரத்துக்கு முந்தியே எழுந்து வெளியே வந்தார்கள். நாய் ஒரு பாணைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"ஏழு பேரெண்டுதானே எழுதினன், இப்ப எட்டாப் போச்சே!" என்று அஜித்தா தலையில் கைவைத்தாள்.

"எத்தின பேரெண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் எண்டுதான் நாங்க ஓதுறதும், டீச்சர்," என்று சொல்லிக்கொண்டே ஸாஜித் மிஞ்சிய பாணைப் பிய்த்து, முதல் துண்டைப் பஸ்தியானுக்குக் கொடுத்தார்.