பழுக்காத காயை யாரும் திட்டுவதில்லை

காலை ஆறு மணிக்குப் பழச்சந்தையில் லாரி வந்து நின்றால், சரக்குக்கு முன்னால் பொய் இறங்கும். "நேத்து சாயங்காலம் வெட்டின காய்" என்பார் கொண்டுவந்தவர். "போன மாசம் வெட்டினதா இருக்கும்" என்பார் வாங்க வந்தவர். இருவருக்கும் மற்றவர் சொல்வது பொய் என்று தெரியும். அந்த இரண்டு பொய்க்கும் நடுவில் நியாயமான ஒரு விலையைக் காதைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்த வேண்டியது ஏலம் போடுகிறவள் பொறுப்பு.

அந்தச் சந்தையின் ஏல முக்காலியில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவளை எல்லாரும் 'வெண்கலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே கையெழுத்துப் போடும்போதுதான் நினைத்துக்கொள்வாள். அவள் "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால் கடைசிக் கொட்டகையில் மூட்டைமேல் தூங்குகிறவன்கூட ஒரு விலையைக் கேட்டுவிட்டுத்தான் புரண்டு படுப்பான். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரல்தான் இப்போது சரளைக்கல்லில் தகரத்தை இழுத்தது மாதிரி வந்தது.

"இருநூத்தி நாப்பது... ஒரு தரம். இருநூத்தி நாப்பது..." என்று இழுத்தவள், யார் கேட்ட விலை என்பதையே மறந்து முழித்தாள்.

"அக்கா, நான் நாப்பத்தஞ்சு கேட்டு நாலு நிமிஷம் ஆச்சு. நீங்க முடிக்கறதுக்குள்ள இந்தக் காய் பழுத்துடும் போலிருக்கே" என்றார் ஒரு கடைக்காரர். கூட்டம் சிரித்தது. எல்லாருக்கும் வேர்த்து ஊற்றிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க இறங்கி ஓய்வெடுங்க. நான் பாத்துக்கறேன்" என்று தேனாகப் பேசினான் அவள் கொழுந்தன். அந்த முக்காலிமேல் அவனுக்கு ஏழு வருஷக் காதல். சொந்த மனைவியைக்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை.

வியாபாரிகள் சங்கத் தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பழைய மனுஷர், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "இங்க பாரும்மா. பருவம் தொடங்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. முதல் நாள் அறுபது லோடு வரும். அன்னிக்கு உன் குரல் கடைசிக் கொட்டகை வரைக்கும் போகணும். போகலைன்னா உன் கொழுந்தன் உக்காரட்டும். என்னைத் தப்பா நினைக்காதே."

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கச்சேரி. அவள் கணவர் சந்தையிலேயே காய்களைப் பழுக்கவைக்கும் அறை வைத்திருந்தார். குடிக்காத, கைநீட்டாத மனிதர். ஆனால் நாக்குக்கு மட்டும் கதவு கிடையாது. "ஏழு மணி நேரம் தூங்கிட்டு எழுந்து வர்றப்பவே கொட்டாவி. உக்காந்தே இருந்தா உடம்பு ஊதாம என்ன செய்யும்? சோம்பேறித்தனத்துக்கு மருந்து கெடையாதும்மா" என்பார். அவள் அரை வயிறு சாப்பிட்டு எடை ஏறுகிறாள் என்பதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

யோசனைக்கா பஞ்சம்? தொண்டைக்கு மிளகு என்றார் ஒருத்தர், தேன் என்றார் இன்னொருத்தர். உடம்பு இளைக்க ஒரு பொடியை அவள் தலையில் கட்டினாள் பக்கத்துக் கடைக்காரி. இளைத்தது கைப்பைதான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, பத்துப் பேர் பத்து மாதம் சொன்னதில் அவளே நம்பிவிட்டாள்: 'நமக்குத்தான் வேலை செய்ய உடம்பு வணங்கலை.' ஊர் சொன்னதைக்கூடத் துடைத்துப் போட்டுவிடலாம். தனக்குத் தானே சொல்லிக்கொண்டதை எங்கே போய்த் துடைப்பது?

அந்த வாரம் கணவரின் அறையில் ஒரு கோளாறு. நூறு பெட்டி வாழைக்காய் ஐந்தாம் நாள் மஞ்சளாக வெளியே வந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தால் கிளிப்பச்சை. வாங்க வந்தவர்கள் வாசலில் வண்டியோடு நிற்கிறார்கள். அவர் பதறவில்லை. ஒரு காயை எடுத்துக் குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்தார். வெப்பமானியைப் பார்த்தார், வாயு உருளையைத் தட்டிப் பார்த்தார். பிறகு கதவோரம் குனிந்து ரப்பர் பட்டையை விரலால் நெருடிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றார். பட்டை கிழிந்திருந்தது.

"அதானே பாத்தேன். எத்திலீன் வாயு முழுக்க இந்த வழியா வெளிய போயிருக்கு."

வாசலில் நின்ற வெண்கலம் கேட்டாள். "அது இல்லாட்டி பழுக்காதா?"

"காய் தானாவே அந்த வாயுவை உண்டாக்கும். அதுதான் அதோட ஹார்மோன். 'பச்சை போதும், மாவைச் சர்க்கரையாக்கு, தோலை மஞ்சளாக்கு'ன்னு உத்தரவு போடறது அதுதான். எல்லாம் ஒரே நாள்ல பழுக்கணும்னு நாம கொஞ்சம் கடன் கொடுக்கறோம், அவ்வளவுதான். லட்சம் பங்கு காத்துல பத்துப் பங்கு இருந்தாப் போதும். அந்தப் பத்து இல்லைன்னா இந்த மாதிரி மரக்கட்டையாட்டம் கெடக்கும்." காயைப் பெட்டியில் மெதுவாக வைத்தார். "காய்மேல குத்தமில்லை. அதுக்குச் சேர வேண்டியது போய்ச் சேரலை."

அவள் பெட்டியில் இருந்த அந்தக் காயைக் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, அஞ்சு நாளா பழுக்காம கெடக்கு. வண்டிக்காரங்க கத்தறாங்க. இதை ஒரு வார்த்தை திட்டலையே நீங்க?"

"காயைப் போய் யாராவது திட்டுவாங்களா?" என்று சிரித்தார்.

"ஆமா, திட்ட மாட்டாங்க" என்றாள். சால்வையை இறுக்கிக்கொண்டு நடந்தவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் ஒரு பெண். குளிர், தூக்கம், எடை, குரல், முடி உதிர்வது என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் முடிவு வந்தது. வெண்கலம் தாளை வாங்கி முதலில் எண்ணைத்தான் பார்த்தாள். வியாபாரக் கண் வேறு எதைப் பார்க்கும்?

"அஞ்சுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு, எனக்கு நாப்பத்தெட்டு இருக்கே. அப்ப நிறையத்தானே இருக்கு? என்ன குறை?"

மருத்துவர் சிரித்தார். "உங்க பொழைப்பு என்ன?"

"ஏலம் போடறது."

"அப்ப சுலபமா புரியும். கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுலேர்ந்து ஹார்மோன் ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போகும். சூடு, சுறுசுறுப்பு, குரல், ஞாபகம் எல்லாத்துக்கும் அது போய்ச் சேர்ந்தாகணும். மூளைக்கு அடியில இன்னொரு சுரப்பி இருக்கு, அதுதான் சரக்குக் கேக்கற ஆள். கழுத்துல சரக்கு தீர்ந்துபோச்சு. கேக்கற ஆளு என்ன செய்வான்?"

"விலையை ஏத்திக்கிட்டே போவான்."

"அந்தக் கூச்சல்தான் இந்த நாப்பத்தெட்டு."

வெண்கலம் தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அப்ப நான் சோம்பேறி இல்லையா?"

"சரக்கே இல்லாம பத்து மாசம் கடையைத் திறந்து வெச்சிருக்கீங்க. உங்களைப் போய்ச் சோம்பேறின்னு யார் சொன்னது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவளுக்குத் தொழில் புத்தி திரும்பிவிட்டது. தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேநீர், ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் என்றார் மருத்துவர்.

"ஆறு வாரத்தை மூணாக்கிக் கொடுங்க. வேணும்னா தினம் ரெண்டு மாத்திரை போட்டுக்கறேன்."

"ரெண்டு போட்டா இதயம் படபடன்னு அடிச்சுக்கும். ஹார்மோன் குறைஞ்சாலும் வம்பு, கூடினாலும் வம்பு. இங்க ஒரே விலைதாம்மா."

"தேநீரையாவது அரை மணிக்குக் கொண்டு வரலாமா?"

"முக்கால் மணி. அதுக்கு மேல இறங்க மாட்டேன்."

கால் மணி நேரம் லாபம் என்று திருப்தியோடு எழுந்தாள் வெண்கலம்.

வீட்டில் தாளைக் கணவர் கையில் கொடுத்து, மருத்துவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் இரண்டு தரம் படித்தார். மூன்றாம் தரம் படிக்கும்போது எழுத்து தெரியவில்லை. "காயைத் தடவிப் பாத்த கை, உன் நெத்தியைத் தொட்டுப் பாக்கலையே" என்றார். மறுநாளிலிருந்து விடியற்காலையில் மாத்திரையும் தண்ணீருமாக அவர்தான் முதலில் எழுந்தார். முக்கால் மணி ஆகும்வரை தேநீர்க் குடுவையைக் கையிலேயே வைத்துக்கொண்டு காவல்காரன் மாதிரி நிற்பார். "ஒரு வாய்" என்று கேட்டால், "அசல் விலைக்குக் குறைஞ்சு கெடைக்காது" என்பார்.

மூன்றாம் வாரம் சால்வை ஆணிக்குப் போனது. ஐந்தாம் வாரம் அவள் படிக்கட்டில் ஏறிவிட்டு, ஏறியதையே மறந்து பேசிக்கொண்டிருந்தாள். ஆறாம் வாரம் நாற்பத்தெட்டு, ஆறுக்கு வந்திருந்தது.

பருவத்தின் முதல் நாள் அறுபது லாரியும் வரிசை கட்டி நின்றன. கொழுந்தன் புதுச் சட்டையில் வந்திருந்தான். சங்கத் தலைவர் கடைசிக் கொட்டகைக்கே போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். வெண்கலம் முக்காலியில் ஏறினாள். தொண்டையைச் செருமக்கூட இல்லை.

"முந்நூறு. முந்நூத்திப் பத்து. பின்னாடி நிக்கற அண்ணாச்சி, தலையைச் சொறியறீங்களா, விலை கேக்கறீங்களா? சொறிஞ்சதா இருந்தாலும் முந்நூத்தி இருபது. ஒரு தரம், ரெண்டு தரம்..."

வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி சந்தை கலகலத்தது. அந்தக் கோடியிலிருந்து சங்கத் தலைவர் கையைத் தூக்கினார். "முந்நூத்தி இருபத்தஞ்சு." அவர் பழம் வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் குரல் அவரையே விலை கேட்கவைத்துவிட்டது. ஒன்பது மணிக்குள் அறுபது லோடும் முடிந்தது. கூட்டம் கைதட்டியது. பத்து மாதமாகச் சிரித்தவர்கள்தான் மற்ற எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். வியாபாரிகள் அல்லவா, காற்றடிக்கும் பக்கம் தெரியும்.

முக்காலி போன துக்கத்தில் கொழுந்தன் ஒரு மூட்டையில் சாய்ந்து, காலையிலிருந்து ஐந்தாவது பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். சட்டை தோளில் தொங்கியது. கணவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவனுக்குத் தண்ணி குடிக்கவும் ஒதுங்கவுமே பொழுது சரியா இருக்கு. எழுந்திருடா சோம்பே..."

"நிறுத்துங்க" என்றாள் வெண்கலம். அறுபது லோடு ஏலம் போட்ட பிறகும் அந்த ஒரு வார்த்தை கொட்டகைக் கூரையில் மோதித் திரும்பியது. சந்தை அடங்கியது.

அவள் இறங்கி வந்து கொழுந்தனின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "எத்தனை நாளா இந்தத் தாகம்? ஆளும் இளைச்சிருக்கியே."

"நான் நல்லாத்தான் இருக்கேன் அண்ணி."

"நானும் பத்து மாசம் இதையேதான் சொன்னேன். இன்சுலின்னு இன்னொரு ஹார்மோன் இருக்காம், அது குறைஞ்சாலும் இப்படி ஆகும்னு டாக்டரம்மா சொன்னாங்க. வா, இப்பவே போய் ரத்தத்தைப் பாத்துடலாம். ஒண்ணுமில்லைன்னா நல்லது, அப்புறம் நானே திட்டறேன்."

அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் எழுந்தான்.

வெண்கலம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரு ஆள் ஓய்ஞ்சு போனா, அவர் குணத்துக்கு விலை பேசாதீங்க. முதல்ல ஒரு சொட்டு ரத்தத்தைப் பாருங்க. நோயைச் சோம்பல்னு சொல்லி மனுஷங்களை வதைக்கறது, அந்த நோயைவிடப் பெரிய நோய்."

எதற்கும் பேரம் பேசுகிற சந்தைதான். அன்று அந்த வார்த்தைக்கு மட்டும் யாரும் விலை குறைத்துக் கேட்கவில்லை.