அச்சா வயலைச் சுற்றி

இஷாயா கள்ளிவேலியை வெட்டக் கத்தியை ஓங்கியதுமே அக்காள் ரிஃப்கத்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வயலுக்கு அப்பால் வீட்டுக்குள் அப்பா அஸியின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விடியும்போதுதான் உயிர் போயிருந்தது.

“விடுக்கா. உஜா துக்கம் கேக்க வர்றாரு. கார் எப்படி வரும், பறந்தா?”

“இது அப்பா விடாத வழிடா.”

“அவருதான் போயிட்டாரே!”

“இன்னும் வீட்டுக்குள்ளதான் கெடக்காரு. இன்னைக்குத் தொறந்தா, நாளைக்கு இதுதான் சாலை.”

அண்டை வீட்டு லாராய் சோளபீர்க் குடுவையைக் கீழே வைத்தாள். இந்த மாதிரிச் சண்டையைக் குடித்துக்கொண்டே பார்க்க முடியாது.

இந்த மலையின் அனகுத்தா இனத்தாருக்குத் தலைவரான உஜா, தன் மாளிகைக்கு அஸியின் வயல் வழியே நேர்சாலை கேட்டதும், சபை நடுவே அஸி எழுந்து, “சாலையைக் கஞ்சி காய்ச்ச முடியுமாய்யா?” என்றதும் மலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அன்றுமுதல் பெரிய பெரிய விருந்தாளிகள் எல்லாம் பொடித் தானியமான அச்சா விளையும் இந்த வயலைச் சுற்றித்தான் போனார்கள். போகிறவர்களுக்கெல்லாம் அஸி வேலியோரம் குனிந்து வணக்கம் வேறு சொல்லுவார். உஜாவின் ஆட்களுக்கு அந்த வணக்கம்தான் தாங்காது.

கார் வந்து வேலியோரம் நின்றது. உஜா இறங்கினார். கனத்த உடம்பு, நீல அங்கி. கத்தியைப் பார்த்தார். பிறகு, தொட்டால் உதிரும் பதத்தில் நின்ற அச்சாவை.

“அஸி மகதானே நீ? உங்கப்பன் எந்த வழியா நடப்பான்?”

ரிஃப்கத்து வயலை ஒட்டிப் பாறைகளுக்கிடையே போன ஒற்றையடிப் பாதையைக் காட்டினாள்.

“ஐயா, உங்க முட்டி…” என்றான் பின்னாலேயே இறங்கிய குடைக்காரன்.

“முட்டி என்னுது. நீ குடையைப் பிடி.”

அங்கியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். பாறை ஏறும்போது மூச்சு வாங்கியது. “செத்தும் சுத்த விடுறான் பாரு, படுபாவி,” என்றார். லாராய் குடுவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். இஷாயா கத்தியை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி வந்தான்.

முற்றத்துக்கு வந்ததும் உஜா உடனே உள்ளே போகவில்லை. அங்கியின் ஓரத்தைப் பார்த்தார். வரும் வழியில் உரசி மணல்போல ஒட்டியிருந்த அச்சா தானியத்தை, வயல் பக்கம் திரும்பி நின்று, உதறிவிட்டார்.