ஹார்லனின் மூக்கு

வாங்கிவந்த வாரமே என் புருஷன் ஹார்லன் அந்த வண்டியைப் புகைய வைத்தான். உள்ளேயே சமைத்து, உள்ளேயே தூங்கி ஊர் ஊராகப் போகிற வீட்டு வண்டி அது, யாரோ ஓட்டித் தேய்த்த பழசு. அமெரிக்காவின் நடுவில், கடல் எட்டாத எங்கள் நெப்ராஸ்காவில் அந்த மாதிரி வண்டி இல்லாத கிழடுகளே குறைவு. ஆனால் ஹார்லன் அதற்காகத் தன் மீன்பிடிப் படகை விற்றான். என்னை விற்றாலும் விற்பான், படகை விற்கமாட்டான் என்று நினைத்திருந்தேன். என்ன அவசரம் என்று கேட்டால், வயசு திரும்பி வருமா மேவிஸ் என்று என் வாயை அடைத்துவிடுவான்.

புகைந்த கதை இதுதான். ஆயுசெல்லாம் கார் மெக்கானிக்காக இருந்தவன். காரில் கறுப்பு வயர் மைனஸ். இந்த வண்டியில் விளக்குக்கும் விசிறிக்கும் போகிற பேட்டரியிலோ கறுப்புதான் பிளஸ், வெள்ளை மைனஸ். யாரையும் கேட்காமல், சோதித்தும் பார்க்காமல், கறுப்பைக் கொண்டுபோய் மைனஸில் மாட்டினான். ஃப்யூஸ்கள் படாரென்று போயின. கேஸ் கசிந்தால் கத்துவதற்குத் தரையோரம் வைத்திருந்த கருவியும் செத்தது. பக்கத்து வீட்டு டெல்பர்ட் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, கார் மெக்கானிக் கையில் சிக்குகிற எல்லா வண்டிக்கும் இதே கதிதான் என்று சிரித்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று நானும் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன். அன்று சாப்பாட்டு மேசையில் ஹார்லன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஃப்யூஸ்களை மாற்றினான். கத்துகிற கருவி புதிதாக வரட்டும், அதுவரை கேஸ் பக்கம் போகாதே என்றேன். கேட்டால்தானே! மூக்கு எதற்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலையில் அடுப்புக்கு வரும் குழாயை மாற்ற உட்கார்ந்துவிட்டான்.

நான் அவனுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். வண்டிப் படியில் கால் வைத்ததுமே அழுகின முட்டை மாதிரி கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. ஹார்லனோ அடுப்புக்குக் கீழே தலையை நுழைத்து, குழாய் இணைப்பில் மூக்கு உரச மோந்துகொண்டிருந்தான். ஒரு கசிவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தான். பற்றவைத்துப் பார்க்க லைட்டரை எடுத்தான்.

காபியைக் கீழே போட்டுவிட்டு லைட்டரைப் பிடுங்கினேன். சட்டையைப் பிடித்து அவனை வெளியே இழுத்து வந்து, கேஸ் டாங்க்கின் வால்வை நானே மூடினேன். அப்புறம்தான் வாயைத் திறந்தேன். தேவாலயத்துக்குப் போகிறவள் சொல்லக்கூடாத வார்த்தைகளும் அதில் இருந்தன.

"நாத்தம் அடிச்சுதா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தெருக்கோடி வரைக்கும் அடிக்குது. உனக்குத் தெரியலையா?"

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு எதுவுமே தெரியல மேவிஸ். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே மூக்கு போயிடுச்சு. காபி, வெங்காயம், நீ போடுற சோப்பு, எதோட வாசனையும் வரல. மூக்கை ஒட்டி வச்சா கேஸாவது தெரியும்னு நினைச்சேன்."

என் மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் மூக்கு போயிற்று. சில வருஷத்தில் கை நடுங்கியது, அப்புறம் கால் இழுத்துக்கொண்டது. கடைசிக் காலத்தில் அவருக்குக் கரண்டியால் ஊட்டினவள் நான், பக்கத்தில் நின்று பார்த்தவன் ஹார்லன். படகை எதற்கு விற்றான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சளி பிடித்தால்கூட மூக்கு போகும், டாக்டரைப் பார்க்காமல் நீயாக எப்படி முடிவுகட்டலாம் என்று கேட்டேன்.

"டாக்டரு வாயால அப்பாவோட வியாதி பேரைச் சொல்லிட்டா, நீ எனக்குக் கம்பளியைப் போத்தி வீட்டோட உட்கார வச்சிடுவ. நான் உன்னை எங்கயுமே கூட்டிட்டுப் போனதில்ல. கடலைக்கூடக் காட்டினதில்ல. கை நல்லா இருக்கும்போதே காட்டிடலாம்னு பார்த்தேன்."

அவன் சொன்னது நிஜம். உட்காரத்தான் வைத்திருப்பேன். இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, பாவி மனுஷனை அப்படியே கட்டிக்கொண்டேன். கிரீஸும் வியர்வையுமாக நாறினான். அது அவனுக்கே தெரியாது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கதவையும் ஜன்னல்களையும் திறந்துபோட்டு, நாற்றம் சுத்தமாக அடங்கும்வரை புல்லிலேயே இருந்தோம். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, அவன் சொல்லச் சொல்ல இணைப்பில் தடவினேன். வால்வைத் துளி திறந்ததும் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. உலோகத்தோடு உலோகம் அழுந்தி அடைக்கவேண்டிய, டேப்பே சுற்றக்கூடாத இணைப்பில் டேப் சுற்றி வைத்திருந்தான். வால்வை மூடிவிட்டு அதைப் பிரித்து எறிந்தேன். ஸ்பேனரால் நானே முறுக்கினேன். மறுபடி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தபோது ஒரு குமிழும் வரவில்லை. என் மூக்கையும் வைத்து மோந்து பார்த்துக்கொண்டேன்.

"திங்கக்கிழமை டாக்டர். அங்கிருந்து நேரா கடலுக்கு," என்றேன்.

"அவரு அந்தப் பேரைச் சொல்லிட்டா?"

"சொல்லட்டும். அப்பவும் கடலுக்குத்தான்."

"வழியிலேயே கை நடுங்க ஆரம்பிச்சா யாரு ஓட்டுறது?"

"நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல உட்கார்ந்து குறை சொல்லிட்டே வா. அதுக்குக் கை தேவையில்ல."

ஹார்லன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எழுந்து முன்னால் போய், ஓட்டுகிறவர் இருக்கையின் அடியில் கையை விட்டு அதை எனக்காக முன்னே தள்ளினான். கால் எட்டுகிறதா பார் என்றான்.