உம் கொட்டுகிறவள்

உம் கொட்டுவதற்குச் சம்பளம் உண்டென்றால் ஸக்கியாவுக்கு இதற்குள் ஓய்வூதியமே வந்திருக்கும். பாலாவியில் இறால் உரிக்கும் கொட்டிலில் அவளும் அன்னலட்சுமியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. போர் முடிந்த கையோடு காணாமற்போன மகன் கிருஷாந்தனின் கதையை அன்னலட்சுமி சொல்வாள், ஸக்கியா கேட்பாள். கதையில் அகதி முகாம் வரும்போது "யா அல்லாஹ்". பஸ் புறப்படும்போது "ம்". பாலாவிச் சந்தியில் கல்பிட்டி பஸ்ஸுக்கு மாறியதும், பசிக்குக் கடையில் பாண் வாங்கிவர அவன் இறங்கிப்போன இடத்தில் மட்டும், "தேத்தண்ணி குடிப்பமா அக்கா?" திரும்பி வருகிறவன் தேடக் கூடாதென்று அந்தச் சந்தியை விட்டு நகராமல் இருக்கிற மனுஷி. அதற்குமேல் அவளை நோகவிடக் கூடாது என்பது ஸக்கியாவின் எண்ணம்.

காணாமற்போனோர் விசாரணைக் குழு வந்த அன்று துணைக்கு ஸக்கியாவும் போனாள். இன்று விட்டால் மறுபடி எப்போது வருவோம் என்பது குழுவுக்கே தெரியாது. மேசையில் ஒலிப்பதிவுக் கருவி. அதிகாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சியைத் தூண்டக் கூடாது என்பது விதியாம். அதனால் தலையைக்கூட அசைக்கவில்லை. சும்மா இருப்பதில் சுவர்கூட அவரிடம் பாடம் படிக்கலாம்.

அன்னலட்சுமி இரண்டு வரி சொல்லி நின்றாள். "ஐயா, கேக்கிறீங்களோ?"

கேட்டுக்கொண்டுதான் இருப்பதாக அவர் சொன்னார். அவள் முதலிலிருந்து தொடங்கினாள். முகாமிலேயே மறுபடி நின்றுபோனாள். அடுத்தவரைக் கூப்பிடலாமா என்று வாசலில் நின்ற எழுதுவினைஞர் கேட்டார். ஸக்கியா அவசரமாக அன்னலட்சுமி பக்கம் திரும்பி, "ம்" என்றாள்.

சாட்சி மட்டும்தான் பேச வேண்டும் என்றார் அதிகாரி.

"நான் பேச இல்லையே சேர். கேக்கிறேன்."

கேட்பதைத் தடைசெய்ய விதி எதுவும் இல்லை போலும்.

கதை நகர்ந்தது. முகாம், "யா அல்லாஹ்". பஸ், "ம்". சந்தி, பாண். வழக்கம்போல் ஸக்கியா வாயைத் திறந்தாள். தேத்தண்ணிக்கு அங்கே வழியில்லை. அந்த இடைவெளியில் அதிகாரி, விதியை மறந்தோ என்னவோ, "பிறகு?" என்றார்.

அன்னலட்சுமி அவரைப் பார்க்கவில்லை. ஸக்கியாவைப் பார்த்தே சொன்னாள்.

"பிறகு கடைக்காரர் பிள்ளை வாங்கின பாணைக் கொண்டுவந்து பஸ்ஸுக்குள்ள தந்தவர். சுடச்சுட இருந்தது. பிள்ளையைப் பிடிச்சு வாகனத்தில ஏத்தினதை அவர்தான் கண்டவர். நெய்னார் எண்டு பேர். கடையை மூடிட்டு இப்ப கனமூலை ஊரில இருக்கிறார்."

அதிகாரி முதல் தடவையாகக் கருவியை விட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

இத்தனை வருஷமாகக் கேட்ட கதையில் ஸக்கியா கேளாத இடம் இது. ஒவ்வொரு முறையும் இதற்குச் சற்று முன்னால்தான் அவள் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருந்தாள். அன்னலட்சுமி நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். சொல்ல இன்னும் இருந்தது.

ஸக்கியா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"பொறகு, அக்கா?"