அவள் அனுப்பாத பதில்

சட்டத்தில் மாட்ட அப்பாவின் படம் ஒன்று வேண்டுமென்று அண்ணன் விரட்டினான். மகள் மருத்துவமனையிலிருந்து வந்த பையைக் கட்டிலில் கவிழ்த்து, டேப்லெட்டைத் தேடி எடுத்தாள்.

"சிரிச்ச மாதிரி ஒண்ணு பாரு."

அது குதிரைக் கொம்பு. பணிமனையில் ஆயுள் முழுக்க டயர் மாற்றியவர், கேமராவைக் கண்டாலே முறைப்பார்.

அதற்குள் அத்தை உள்ளே வந்தாள். "ஏம்மா, மெஷின் வேண்டாம்னு நீதான் சொன்னியாமே? எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"நானா? நான் வீட்ல தூங்கிட்டு இருந்தேன் அத்தை. அண்ணன் போன் பண்ணித்தான் எழுந்தேன்."

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "பல்டி அடிக்காத. மூச்சு நின்னா மெஷின் வைக்கலாமான்னு டாக்டர் வெளிய கூப்பிட்டுக் கேட்டாரு. உனக்கு மெசேஜ் போட்டேன். 'சரி, வேண்டாம்னு சொல்லிடு'ன்னு நீதான் பதில் போட்ட."

டேப்லெட் திறந்ததும் அந்தப் பதில்தான் கண்ணில் பட்டது. அவள் அனுப்பியதாகவே இருந்தது.

பழைய படங்கள் பார்க்கட்டுமென்று தன் கணக்கிலேயே டேப்லெட்டை அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தவள் அவள். "என் போன்ல இருக்கிறதெல்லாம் இதுல தானா வந்துரும்ப்பா" என்று பெருமை வேறு. 'எல்லாம்' என்றால் என்னென்ன என்று யோசிக்க அம்மணிக்கு நேரமில்லை. மூச்சு திணறினாலும் அப்பாவுக்குக் கடைசிவரை நினைவு தப்பவில்லை. கேள்வியைப் படித்து, பதிலையும் தட்டிவிட்டு, இப்போது கூடத்தில் மாலையோடு படுத்திருக்கிறார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விரல் மேலே தள்ளியது. முந்தின நாள் அவள் அண்ணனுக்கு எழுதியது வந்தது: 'கிட்ட உக்கார முடியல. நாத்தம் குடலைப் புடுங்குது. போய்ச் சேந்துட்டா அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.' அதற்கு அண்ணன் ஒரு கட்டைவிரலை உயர்த்தியிருந்தான்.

அன்று மாலை அப்பா அவளைக் கிட்டேயே விடவில்லை. "தள்ளி உக்காரும்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுத் தூங்கு" என்றார். விட்டால் போதுமென்று கிளம்பியிருந்தாள். இப்போது செத்துவிடலாம் போலிருந்தது.

"கொண்டா, நான் பாக்கறேன்," என்று அத்தை கையை நீட்டினாள்.

காட்டினால் பழி நீங்கும். மேலே இருப்பதும் தெரிந்துவிடும். டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான்தான் போட்டேன் அத்தை. தூக்கக் கலக்கத்துல மறந்துட்டேன்."

"அதானே!" என்று அண்ணன் பெருமூச்சு விட்டான். "நல்லா பெத்தான் பொண்ண," என்று தலையிலடித்துக்கொண்டு அத்தை கூடத்துக்குப் போனாள். அங்கே போய் நாலு பேரிடம் அதையே சொல்வது காதில் விழுந்தது.

"படம் கெடச்சுதா?" என்றான் அண்ணன்.

"இரு."

முந்தின நாள் எழுதியதை டேப்லெட்டில் அழித்தாள். இன்னொரு கையிலிருந்த போனிலும் அது தானாக மறைந்தது. அப்பாவின் பதில் மட்டும் அவள் அனுப்பியதாகவே அங்கே கிடந்தது.